கன்றுக்குத் தொட்டி வந்த கதை



பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கத்து மணல் பூமிக்குச் சவுக்குக் கன்று தேடிப் போனால், இன்றைக்கு மூன்று விதமாகக் கிடைக்கிறது. பாத்தியிலிருந்து பிடுங்கிக் கத்தை கட்டிக் கொடுக்கும் நாற்று ஒன்று. கறுப்புப் பாலித்தீன் பையில் வளர்ந்த கன்று ஒன்று. பிளாஸ்டிக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் வேர் விட்ட போத்துக் கன்று ஒன்று. விலையும் ஒன்றுக்கொன்று வித்தியாசம். எதை வாங்குவது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த மூன்றும் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் அந்தப் பதிலை நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். ஆகையால் இன்றைக்குக் கொஞ்சம் பழைய கதை பேசலாம்.

சவுக்கே நம்ம ஊர் மரம் கிடையாது. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியாக் கடற்கரைகளைச் சேர்ந்தது. 1860-களில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று சென்னை மாகாணத்துக் கடலோரத்தில் பெரிய அளவில் நட ஆரம்பித்தார்கள். அப்போது தொட்டியும் இல்லை, பையும் இல்லை. மேட்டுப் பாத்தியில் விதையைத் தூவி, மேலே வைக்கோல் பரப்பி, எறும்பு வராமல் காவல் காக்க வேண்டும். சவுக்கு விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாற்று விரல் நீளம் வந்ததும் பிடுங்கி இரண்டாவது பாத்தியில் இடம் விட்டு நடுவார்கள். சில மாதம் கழித்து அங்கிருந்து பிடுங்கி வெறும் வேரோடு தோப்பில் நடுவார்கள். அதற்கப்புறம் மணலிலே ஊற்று தோண்டி, குடம் குடமாகச் சுமந்து ஊற்றி உயிர்ப்பிக்க வேண்டும். பிடுங்கிய வேர் காற்றுப்பட்டு வாடியிருக்கும். அது மறுபடி மண்ணைப் பிடிக்கிற வரைக்கும் தண்ணீரைக் கையால் ஊட்டியாக வேண்டும். அந்தக் குடத்துத் தண்ணீர், வாடிய வேருக்குக் கட்டிய அபராதம் என்று நான் சொல்வேன்.

சவுக்கு விதை காய்ந்தாலும் பிழைக்கும்; பொட்டலம் கட்டிக் கப்பலில் அனுப்பிவிடலாம். எல்லாச் செடிக்கும் அது நடக்காது. ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் இழந்துவிடும். தேயிலை விதையும் நாள்பட்டால் கெட்டுவிடும். அவற்றைக் கன்றாகத்தான் கொண்டுவர வேண்டும். கன்றைத் தொட்டியில் வைத்துக் கப்பல் தளத்தில் ஏற்றினால் உப்புக் காற்று கருக்கிவிடும். குடிதண்ணீரும் மாலுமிகளுக்கே பற்றாது. பெரும்பாலான கன்றுகள் வழியிலேயே செத்தன.

1829-இல் லண்டனில் வார்ட் என்ற வைத்தியர், மூடிய புட்டியில் கிடந்த ஈர மண்ணிலே தானாக ஒரு பெரணிச் செடி முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே வளர்வதைப் பார்த்தார். மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணுக்கே சொட்டுகிறது! கண்ணாடி வைத்த மரப்பெட்டி செய்து, 1833-இல் செடிகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அந்த மாதிரிப் பெட்டியிலேதான் பிறகு சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தன. 1876-இல் ஏறக்குறைய 1,900 ரப்பர் கன்றுகள் லண்டனிலிருந்து இலங்கைக்கு வந்ததும் அதிலேதான். தோட்டத் தொழிலாளியாக நம் ஜனங்கள் மலை ஏறியதற்கும் மலேயாவுக்குக் கப்பல் ஏறியதற்கும் பின்னாலே இந்தப் பெட்டியும் இருக்கிறது.

வெளிநாட்டுச் செடியை இந்த மண்ணுக்குப் பழக்கும் வேலை நம் புதுச்சேரியிலும் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் இருக்கிறது. அதைப் பேணி வளர்த்த பெரோத்தே என்ற தாவர நிபுணர் 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

நம் ஜனங்களிடம் இருந்த தொட்டி மண் தொட்டி. உடைந்த பானையும் ஓலைக் கொட்டானும்கூடத் தொட்டியாகும். ஓலைக் கொட்டானில் ஒரு நன்மை உண்டு: அப்படியே குழியில் வைத்துவிடலாம், ஓலை மக்கிவிடும், வேருக்குக் காயமில்லை. மண் தொட்டியின் நன்மை அதன் சுவர் மூச்சு விடுவது. ஈரம் சுவர் வழியே கசிந்து ஆவியாவதால் உள்ளே மண் குளிர்ச்சியாக இருக்கும். கெடுதலும் அதேதான், சீக்கிரம் காயும், கனம் அதிகம், உடையும். புதுத் தொட்டியை நன்றாகத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே மண் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் கன்றுக்கு ஊற்றிய தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தொட்டிக்குள் போட்ட மண் வயல் மண் போல நடக்காது. வயலில் தண்ணீர் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் அடித்தட்டு வந்ததும் நின்றுவிடும். ஓட்டை இருந்தாலும் அடியில் இரண்டொரு அங்குலம் சொதசொதவென்றுதான் இருக்கும். தொட்டி எவ்வளவு ஆழமில்லாததோ அவ்வளவுக்கு மொத்த மண்ணில் சொதசொதப்புப் பங்கு கூடும். ‘அடியில் ஜல்லி போட்டால் வடிந்துவிடும்’ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லைங்க. ஈர மண் ஜல்லிக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருக்கும் இடம்தான் குறையும். ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். அதனால்தான் வயல் களிமண்ணை அப்படியே தொட்டிக்குப் போடக் கூடாது.

எந்த மண் போடுவது என்பதும் நீண்ட நாள் வழக்குதான். இங்கிலாந்திலே தோட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கலவையை ரகசியமாக வைத்திருந்தார்கள். 1930-களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் சோதித்துப் பார்த்து, வெப்பத்தால் நோய் நீக்கிய மண் 7 பங்கு, பீட் என்ற சதுப்பு மக்கு 3 பங்கு, மணல் 2 பங்கு என்று ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நமக்குப் பீட் ஏது? செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுஉரம் 1 என்பது நம் நாற்றங்கால்களில் வழக்கமாயிற்று. பாகூர்ப் பக்கத்துக் களிமண்காரர்கள் மணலைக் கூட்டிக்கொள்ளலாம். பனித்திட்டு மணல்காரர்கள் எருவைக் கூட்டிக்கொள்ளலாம்.

பாலித்தீன் பை 1960-களுக்குப் பிறகு பரவியது. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் வந்தபோது கறுப்புப் பை கிராமம் கிராமமாகப் போயிற்று. விலை மலிவு, கனம் குறைவு, வேரோடு மண் கட்டி அப்படியே வயலுக்கு வரும். குடம் சுமந்த முதுகுக்கு அது பெரிய உபகாரம், மறுக்க முடியாது. ஆனால் வழவழப்பான உருண்டைச் சுவரில் மோதிய வேர் வழி தெரியாமல் சுற்ற ஆரம்பிக்கும். ஆறு மாதம், ஒரு வருஷம் பையிலேயே கிடந்தால் பிரிமணை மாதிரிச் சுருண்டுவிடும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நேராகாது. அது பருத்து, தன் கழுத்தைத் தானே இறுக்கும். மரம் மேலே செழிப்பாகத்தான் தெரியும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலே, அதாவது நம் தலைமேலேயே, கரை ஏறியது. முந்திரி, பலா, தென்னை, சவுக்கு எல்லாம் சாய்ந்தன. சாய்ந்த மரத்துக்கெல்லாம் வேர்ச் சுருள்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்தக் காற்றுக்கு நல்ல வேர் மரமும் நிற்கவில்லை. ஆனால் சாதாரணக் காற்றுக்கே அடியோடு சாயும் இளங்கன்றைக் கிளறிப் பாருங்கள். பை வடிவத்தில் உருண்ட வேரைப் பல இடத்தில் காணலாம்.

அதற்கு மாற்றாகத்தான் 1970-களிலிருந்து வெளிநாட்டு நாற்றங்கால்களில் வேர் வழிகாட்டும் குழித்தட்டுகள் பரவின. குழியின் உட்சுவரில் மேலிருந்து கீழாக வரிமேடு இருக்கும். சுற்ற நினைக்கும் வேரை அது கீழே திருப்பிவிடும். அடியில் பெரிய ஓட்டை; தட்டைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பார்கள். ஓட்டைக்கு வந்த வேர்நுனி காற்றுப்பட்டு நின்றுவிடும், உள்ளே பக்கவேர் பெருகும்.

இதோடு இன்னொரு கதையும் சேர்ந்தது. 1951-இல் தாய்லாந்திலிருந்து ஒரு சவுக்கு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜாவாச் சவுக்கும் நம் சவுக்கும் கலந்த கலப்பினம். ஆண் மரம், விதையே கிடையாது. போத்து வைத்துத்தான் பெருக்க வேண்டும். பின்னாளில் கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் தேர்ந்தெடுத்த ரகங்களும் இப்படியே பெருக்கப்படுகின்றன. சவுக்கின் இலை என்று நாம் சொல்வது உண்மையில் மெல்லிய கிளை. அதை ஒடித்து, வேரூக்கிப் பொடியில் தொட்டு, ஈரக் கூண்டுக்குள் வைத்தால் மூன்று வாரத்துக்குள் வேர் வரும். வேரில்லாத போத்துக்கு எரு வேண்டாம். எரு அதை அழுகச் செய்யும். ஈரமும் காற்றும் ஒன்றாக வேண்டும். அங்கே வந்து சேர்ந்ததுதான் நாம் ரோட்டோரம் குவித்து எரித்த தென்னை நார்க்கழிவு.

இதுவும் புதுசில்லை. 1860-களிலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் தேங்காய் நார்த் தூளைத் தொட்டிக்குப் போட்டார்கள். அப்புறம் பீட் வந்து அதை மறக்கடித்தது. பீட் வெட்டிச் சதுப்பு நிலம் பாழாகிறது என்ற கவலை எழுந்ததும், 1990-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மறுபடி கப்பல் ஏறியது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். உவர்த் தண்ணீரில் மட்டை ஊறவைத்த இடத்துக் கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். மக்காத கழிவு செடிக்குரிய தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டிச் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தந்திருக்கிறது. நன்றாகக் கறுத்து மண் வாசனை வந்த பிறகே நாற்றுக்கு எடுக்க வேண்டும்.

இனி வாங்கப் போகும்போது, நூறு கன்றில் ஒன்றை உருவிக் காட்டச் சொல்லுங்கள். குழித்தட்டுக் கன்றானால் கட்டி உதிராமல், வெள்ளை வேர் கீழ்நோக்கி ஓட வேண்டும். பைக் கன்றில் வேர் சுற்றியிருந்தால், நடும்போது பையை முழுக்கக் கிழித்து எறிந்து, கூரான கத்தியால் கட்டியின் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறி, அடிச்சுருளை வெட்டிவிட வேண்டும். பாத்தி நாற்றானால் பிடுங்கிய அன்றே, வேரைச் சேற்றுக் குழம்பில் தோய்த்து, ஈரச் சாக்கு மூடிக் கொண்டுவர வேண்டும். பழைய சவுக்குத் தோப்பு மண்ணையும், வேர் முடிச்சை இடித்த தூளையும் அந்தக் குழம்பில் ஒரு பிடி போட்டால், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் புதுத் தோப்புக்கும் வந்து சேரும். மூன்றில் எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன்பே நாற்றங்காலில் சொல்லி வைத்து, கடைசி இரண்டு வாரம் நிழலையும் தண்ணீரையும் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்கித் தரச் சொல்லுங்கள்.