மனநோயாளருக்கு இல்லம் தந்த கீல் நகர்

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றொரு சிறு நகர் உண்டு. அயர்லாந்து இளவரசியான புனித திம்ப்னா, சித்தம் கலங்கிய தம் தந்தையின் கையாலேயே அங்கு உயிர் துறந்தார் என்பது மரபு. எனவே மனநோயாளரின் பாதுகாவலியாக அவரைப் போற்றலாயினர்.

மத்திய காலத்தில் தொலைவிலிருந்தும் மனநோயாளர் ஒன்பது நாள் வழிபாட்டுக்காக அவரது ஆலயத்துக்கு அழைத்து வரப்பட்டனர். ஆலயத்தை ஒட்டிய நோயாளர் கூடத்தில் இடம் போதவில்லை. ஊரார் தம் இல்லங்களைத் திறந்தனர். வழிபாடு முடிந்தும் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். குடும்பத்தாரோடு வயலில் உழைத்து, ஒரே மேசையில் உண்டனர்.

இது குறையற்ற ஏற்பாடு அன்று. கால்விலங்கு இடப்பட்டோரும் அங்கு இருந்தனர். குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கிடைத்தது. 1850-இல் அரசு பொறுப்பேற்றது; மருத்துவர் மேற்பார்வையும் வந்தது. 1938-இல் 3,700-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு வாழ்ந்தனர். பின்னர் தொகை குறைந்தாலும் வழக்கம் மறையவில்லை. 2023-இல் யுனெஸ்கோ இதனைப் பாராட்டிப் பதிவு செய்தது.

கீல் மக்கள் அவர்களை "நோயாளி" என்பதில்லை. வீட்டில் தங்கியிருப்பவர் என்றே சொல்வார்கள். நோயின் பெயரைக் கேட்பதில்லை. அவருக்கு எது பிடிக்கும், எது அச்சம் தரும், எந்த வேலை கைவரும் என்பதையே அறிந்து நடப்பார்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே, நாமும் இத்தகையோரைத் திருத்தலங்களுக்கு அழைத்துச் செல்கிறோம். திரும்பி வந்தபின் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். மருந்து தேவை; மருத்துவரிடம் கொண்டு செல்வோம். ஆனால் யூபிலிப் பந்தியில் அவருக்கும் ஓர் இலை போட மருத்துவர் வேண்டியதில்லை.