எஸ்.ஏ.டி. தேர்வில் மதிப்பெண் சமப்படுத்தல்

மதிப்பெண் சமப்படுத்தல் என்பது ஒரே தேர்வின் வெவ்வேறு வினாத்தாள்களில் எடுத்த மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் புள்ளியியல் முறை. எவ்வளவு கவனமாகத் தயாரித்தாலும் இரண்டு தாள்கள் ஒரே அளவு கடினமாக அமைவதில்லை. கடினமான தாள் கையில் கிடைத்த மாணவருக்கு அதனால் இழப்பு வரக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு 1926-இல் தொடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வொரு தேர்வின் சராசரியும் 500 என்றே வைக்கப்பட்டது. இதனால் திறமையான மாணவர்கள் திரண்டு எழுதிய தடவையில் 500 வாங்குவது கடினமாயிற்று. 1941 ஏப்ரலில் எழுதியவர்களின் அளவுகோலை நிலையாகக் கொண்டு, பின்வந்த தாள்களை அதனுடன் இணைத்தபோது இந்தக் குறை நீங்கியது.

இணைப்புக்கு உதவுபவை நங்கூர வினாக்கள். அதாவது பழைய தாளை எழுதியவர்களும் புதிய தாளை எழுதியவர்களும் பொதுவாகச் சந்திக்கும் வினாக்கள். எடுத்துக்காட்டாக, இரு குழுக்களும் 20 நங்கூர வினாக்களில் சராசரியாக 12-க்குச் சரியான விடை அளித்தன என்று கொள்வோம். பழைய தாளின் மொத்தச் சராசரி 50, புதியதன் சராசரி 47. குழுக்களின் திறன் சமம் என்பதால், மூன்று மதிப்பெண் வேறுபாடு தாளின் கடினத்தால் வந்தது. புதிய தாளின் 47, பழைய தாளின் 50-க்கு ஈடாகும். நங்கூரச் சராசரியும் குறைந்திருந்தால், வேறுபாட்டில் ஒரு பங்கு மாணவர்களின் திறனைச் சேரும். நடைமுறையில் சராசரியோடு நில்லாமல், மதிப்பெண்களின் பரவலையும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே எத்தனை விழுக்காட்டினர் உள்ளனர் என்பதையும் ஒப்பிடுவார்கள்.

நங்கூர வினாக்கள் கசிந்தால் முழுக் கணக்கும் தவறிவிடும். புதிய குழு உண்மையில் இருப்பதைவிடத் திறமையானதாகத் தோன்றும்; தாள் கடினமானது என்று கணக்கு சொல்லும்; முன்கூட்டி வினாக்களைப் பார்க்காதவருக்கும் மதிப்பெண் கூடிவிடும். இவ்வினாக்களை ரகசியமாகக் காப்பது அதனால்தான்.

1941-இல் எழுதியவர்கள் சிறு குழுவினர். பிற்காலத்தில் எல்லாத் தரப்பு மாணவர்களும் எழுத வந்ததால், மொழிப்பகுதியின் சராசரி 420-களுக்கு இறங்கியது. 1995 ஏப்ரலில் அளவுகோல் மீண்டும் 500-ஐ மையமாக வைத்துத் திருத்தப்பட்டது.

இந்தியாவின் ஜே.இ.இ. மெயின் தேர்வு 2019 முதல் வேறு வழியில் செல்கிறது. அதில் நங்கூர வினாக்கள் இல்லை. ஒவ்வொரு வேளையிலும் எழுதியவர்களுக்குள் ஒருவர் பெற்ற இடமே பெர்சன்டைல் மதிப்பெண்ணாகிறது. ஒரே பருவத்தின் வேளைகளுக்கு மாணவர்கள் குலுக்கல்போல் பிரிக்கப்படுவதால், வேளைகளுக்கிடையே இது நியாயமே. ஜனவரியில் எழுதுவோரும் ஏப்ரலில் எழுதுவோரும் ஒரே திறனுள்ள கூட்டம் என்பதற்கு அத்தகைய உறுதி கிடையாது. இரு பருவப் பெர்சன்டைல்களில் சிறந்ததைத் தரவரிசைக்கு எடுப்பதில் உள்ள பலவீனம் இது.