நாணயம் காத்த வெள்ளிக்காசு

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றாய்ப் பொருந்திய ஐரோப்பிய வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கி.பி. 768 முதல் 814 வரை பிராங்கு மக்களை ஆண்டவர் சார்லமேன் என்னும் மாமன்னர். அக்காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் பொற்காசு அருகிப் போயிற்று; வெள்ளிக்காசே சந்தைகளில் வழங்கியது. 793ஆம் ஆண்டை ஒட்டி மன்னர் புதிய காசு ஒன்றை வெளியிட்டார். தெனாரியஸ் என்பது அதன் பெயர். பழைய காசின் எடை ஏறக்குறைய 1.3 கிராம், புதியதன் எடை ஏறக்குறைய 1.7 கிராம். ஒரு புறம் சிலுவை. மறுபுறம் மன்னர் பெயரின் எழுத்துகளைப் பிணைத்த முத்திரை. 12 காசு ஒரு சாலிடஸ். 20 சாலிடஸ், அதாவது 240 காசு, ஒரு பவுண்டு.

792, 793ஆம் ஆண்டுகளில் நாட்டைப் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டு பிராங்க்பர்ட் நகரில் ஆயர்களும் பிரபுக்களும் கூடினர். வளமான காலமாயினும் பஞ்ச காலமாயினும் தானியத்தின் விலை வரம்பு கடத்தல் ஆகாது என்று அங்கே விதிக்கப்பட்டது. ஒரு காசுக்கு இரண்டு பவுண்டு எடையுள்ள கோதுமை ரொட்டிகள் 12 தரவேண்டும் என்பதும் அவ்விதியே.

ஏழையின் கையிலுள்ள காசை வணிகர் ஏற்க மறுத்தால் விலை விதித்துப் பயன் என்ன? ஆகவே, எல்லா ஊர்களிலும் எல்லாச் சந்தைகளிலும் புதிய காசு செல்லும் என்றும் அச்சபை ஆணையிட்டது. மறுக்கும் குடிமகனுக்குத் தண்டம் 15 சாலிடஸ். அது 180 காசு. ரொட்டிக் கணக்கில் 2,160 ரொட்டிகள்!

தண்டத்தின் கடுமையைவிட அதனோடு இணைந்த நிபந்தனையே என் உள்ளத்தைக் கவர்கிறது. காசில் மன்னர் பெயர் இருக்கவேண்டும். வெள்ளி தூயதாக இருக்கவேண்டும். எடை நிறைவாக இருக்கவேண்டும். இம்மூன்றும் அமைந்த காசை மறுப்பது குற்றம். குடிகளைக் கட்டிய அதே விதி, காசு அடிக்கும் அக்கசாலையையும் கட்டியது.

12, 20 என்னும் அந்தக் கணக்கு பிரிட்டனில் பென்னி, ஷில்லிங், பவுண்டு என 1971ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. மன்னர் பெயர் காசுக்கு அழகு தரலாம். அதற்கு மதிப்புத் தருவது குறையாத எடையே. நாணயத்துக்கு நாணயம் வேண்டும் என்பதே அச்சிறு வெள்ளிக்காசு நமக்குக் கூறும் பாடம்.