கிளவ் பாக்ஸ், கீல், கப்ஜா

காரில் முன்சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு நேரே ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் டேஷ்போர்டு. "டேஷ்போர்டைத் திற, ஆர்.சி. புக் இருக்கும்" என்போம். சென்னையில் அப்படித்தான். மாற்றலாகி வந்து நான் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் கொல்கத்தாவிலும் அப்படித்தான். உண்மையில் டேஷ்போர்டு என்பது முன்னால் இருக்கும் மொத்தப் பலகை. அந்த வார்த்தைகூட காருக்குச் சொந்தமில்லை. குதிரை வண்டியில், குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் இருக்க ஒரு தடுப்புப் பலகை வைத்திருந்தார்கள். குதிரை போய்விட்டது, பலகையின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெட்டியின் சொந்தப் பெயரும் இதே கதைதான். இங்கிலீஷில் கிளவ் பாக்ஸ். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் கூட அவரவர் பாஷையில் கையுறைப் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலில் கையுறையா? ஆனால் ஆரம்பகாலக் கார்களை நினைத்துப் பாருங்கள். கூரை கிடையாது, ஹீட்டர் கிடையாது. எஞ்சினைக் கிளப்ப முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். குளிர் தேசத்தில் கையுறை இல்லாமல் வண்டியோட்ட முடியாது. எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததே 1912 காடிலாக்கில்தான், சார்லஸ் கெட்டரிங் புண்ணியத்தில்.

இந்த இடத்தில் டோரதி லெவிட் அம்மையாரைச் சொல்லாமல் போனால் பாவம். 1906-இல் பிளாக்பூலில் மணிக்கு 90 மைலுக்கு மேல் கார் ஓட்டிக் காட்டிய பெண்மணி. 1909-இல் பெண்களுக்காக 'தி வுமன் அண்ட் தி கார்' என்று ஒரு புத்தகம் எழுதினார். சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன இழுப்பறையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பட்டியலே கொடுக்கிறார்: கையுறை, கைக்குட்டை, கொஞ்சம் சாக்லேட்... கூடவே ஒரு கைக்கண்ணாடி. முகம் பார்க்க மட்டுமில்லை, அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவும். பின்பார்வைக் கண்ணாடி கார்களில் வழக்கமாவதற்கு முன்னால் வந்த யோசனை இது. தனியாகப் போகும் பெண் துப்பாக்கி வைத்துக்கொள்வதும் நல்லது என்கிறார்! நம் பெட்டிகளில் இன்ஷூரன்ஸ் பேப்பர், டோல் ரசீது, தீர்ந்துபோன பேனா.

இழுப்பறை மெல்ல சீட்டுக்கு அடியிலிருந்து முன்பலகைக்கு ஏறியது. அங்கே அதற்கு ஒரு மூடி வேண்டியிருந்தது, மூடிக்கு ஒரு கீல் வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பலகை இரும்புத் தகடு, மூடியும் தகடு, கீலும் இரும்பு. நம் வீட்டு அலமாரிக் கதவில் இருப்பது போலத்தான். துருப்பிடித்தால் எண்ணெய் விடலாம், ஆணி தேய்ந்தால் மாற்றலாம், காது உடைந்தால் வெல்டிங் வைக்கலாம். தெருமுனை வெல்டிங் கடைக்காரருக்கு இது அரை மணி வேலை.

இந்தியாவில் இந்த இரும்புக் காலம் மற்ற இடங்களைவிட நீண்டது. 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-இல் இங்கே உத்தர்பாராவுக்கு வந்தது. ஹௌராவிலிருந்து லோக்கல் டிரெயினில் போனால் 'ஹிந்த் மோட்டார்' என்றே ஒரு ஸ்டேஷன் வரும். 1957-இல் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து அம்பாசடரைப் போட ஆரம்பித்தவர்கள், 2014 மே மாதம் வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். 57 வருஷம், ஏறக்குறைய ஒரே உடம்பு. கிண்டல் செய்யாதவர் இல்லை. ஆனால் வங்கிக்காரன் கண்ணால் ஒன்றைப் பார்க்க வேண்டும். உருவம் மாறாததால் உதிரிபாகமும் அதிகம் மாறவில்லை. ஒரு வண்டியில் கழற்றியதை இன்னொரு வண்டியில் மாட்டலாம். அதை வைத்தே ஒரு சந்தை பிழைக்கலாம். பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோடும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் மல்லிக் பஜாரை அப்படிப் பிழைத்த சந்தை என்று சொல்லலாம். நம் புதுப்பேட்டைக்கு அண்ணன் முறை.

சரி, இரும்புக் கீல் எங்கே போயிற்று? கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தில் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டான் என்பதுதான் டீக்கடைத் தீர்ப்பு. அது பாதிதான் சரி. கார் மோதினால் முன்சீட்டுக்காரர் நேராகப் போய் அடிபடுவது அந்த இரும்புப் பலகையில்தான். கூர்மையான விளிம்பு, துருத்தும் குமிழ்கள், அடிக்கிற வேகத்தில் கத்தி போல் திறந்து நிற்கும் மூடி. 1965-இல் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' எழுதிக் கார் கம்பெனிகளை உலுக்கினார். 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1968-இல் நடைமுறைக்கு வந்த 201-ஆம் எண் தரவிதி காரின் உள்பக்கம் பற்றியது. பலகையில் பெட்டி இருந்தால், மோதலின்போது அதன் கதவு திறந்துகொள்ளக் கூடாது என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கதவின் கீலுக்கும் கொண்டிக்கும் சட்டத்தில் இடம்! பலகைக்கு மெத்தை வந்ததும், இரும்பு போய்ப் பிளாஸ்டிக் வந்ததும் இந்த வழியில்தான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எடையைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டது.

பிளாஸ்டிக்கை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் என்ற வகை 1954-இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவின் கையில் வந்தது. அவரும் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லரும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதை மெல்லிசாக வார்த்தால் ஆயிரக்கணக்கான தடவை மடக்கினாலும் ஒடியாது. ஷாம்பூ பாட்டில் மூடியில் தனிக் கீல் கிடையாது, அந்தப் பட்டையே கீல். ஆனால் பல கார்களின் கிளவ் பாக்ஸில் இருப்பது அந்த மாதிரி கீல் இல்லை. பெட்டியின் அடியில் இரண்டு காதுகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு முளை. அந்த முளைகள் பலகையின் குழிகளில் உட்கார்ந்து சுழல்கின்றன. மடங்குவதற்கு அஞ்சாத பிளாஸ்டிக், வெயிலில் வருஷக்கணக்காக வெந்தபின் பக்கவாட்டில் வரும் ஒரு வெட்டு இழுப்புக்குத் தாங்குவதில்லை. அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? பல கார்களில் ஏ.சி. ஃபில்டர் இந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஃபில்டர் மாற்றும்போதும் பெட்டியை இரு பக்கமும் உள்ளே அமுக்கி இறக்க வேண்டும். அவசரக்காரன் அமுக்காமல் இழுப்பான்.

என் காரில் இடது முளை போனது இப்படித்தான். ஃபில்டர் மாற்றி வந்த மறுநாள் பெட்டி ஒரு பக்கமாகத் தொங்கியது. சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) கேட்டேன். முளை தனியாகக் கிடையாது, காது தனியாகக் கிடையாது, மூடி, பெட்டி, கொண்டி எல்லாம் சேர்ந்து ஒரே 'அசெம்பிளி'. 3,400 ரூபாய், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அரை கிராம் பிளாஸ்டிக்குக்கு!

மல்லிக் பஜாருக்குப் போனேன். சந்துக்குள் ஒரு வயதான மிஸ்திரி. (நம் மேஸ்திரியும் இவர்களுடைய மிஸ்திரியும் ஒரே போர்ச்சுகீசியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள்.) பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப்ஜா போயிருச்சு, தாதா" என்றார் இந்தியில். எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. 2002-இன் சர்ஃபேசி சட்டத்தோடு மல்லுக்கட்டும் எங்கள் ஆட்களுக்குக் கப்ஜா என்றால் கடன் கட்டாதவர் சொத்தைக் கைப்பற்றுவது. இவருக்குக் கீல். இரண்டும் ஒரே வார்த்தைதான், பிடிப்பு என்ற அர்த்தத்தில் வருவது.

"ஒட்டிவிடலாமா, சாச்சா?" என்றேன். சிரித்தார். பெட்டியின் முதுகில் பொறித்திருந்த 'பி.பி.' என்ற எழுத்தைக் காட்டினார். பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை இதன் மேல் பிடிக்காது, உலர்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும். அவர் செய்தது இதுதான். உடைந்த அடியை அரத்தால் தட்டையாக ராவினார். காதின் நடுவில் துளை போட்டார். உள்பக்கமிருந்து ஒரு போல்ட், காதின் இரண்டு பக்கமும் அகலமான வாஷர், வெளியே லாக் நட். போல்ட்டின் மரை அப்படியே குழியில் சுழன்றால் குழியை அராவித் தின்றுவிடும் என்று, பழைய கார் ஏரியலிலிருந்து வெட்டிய பித்தளைக் குழாய்த் துண்டை நீட்டிக்கொண்டிருந்த முனை மேல் மாட்டினார். முளை ரெடி. இருபது நிமிஷம், 150 ரூபாய். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெட்டியை வெளியே எடுத்துவைத்துத் துளை போடுங்கள். காரில் மாட்டியபடி டிரில்லை மேல்நோக்கி விடாதீர்கள். முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக் அந்தப் பலகையின் மேல்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, பிளாஸ்டிக்காக மாறியதற்கு நியாயம் இருக்கிறது. தனியாக விற்காததற்கு? அது எஞ்சினியர் எடுத்த முடிவு இல்லை, கணக்குப்பிள்ளை எடுத்த முடிவு. நானும் பி.காம். படித்தவன்தான், அந்த நாற்றம் தெரியும். காரை ஒருமுறைதான் விற்க முடியும், பாகத்தைப் பத்து வருஷம் விற்கலாம். வாங்குபவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

இது என் தனிப் புலம்பலும் இல்லை. 2011-இல் ஒருவர் உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை என்று இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தனியார் மெக்கானிக்குக்குப் பாகமும், பழுதுபார்க்கும் விவரங்களும் கிடைக்கவிடாமல் செய்வது தவறு என்றது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவற்றில் மூன்று கம்பெனிகளின் வழக்கில், தவறு தவறுதான், ஆனால் அபராதத்தை மொத்த விற்பனையில் கணக்கிடாமல் உதிரிபாக விற்பனையில் மட்டும் கணக்கிடுங்கள் என்றது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாதனங்களோடு வாகனமும் அதில் உண்டு. அதே வருஷம் டிசம்பர் 24 அன்று அதற்கென ஒரு போர்ட்டலையும் திறந்தார்கள்.

போர்ட்டலில் கம்பெனிகள் என்ன போட்டாலும், அரை கிராம் முளை தனியாக விலைக்கு வரும் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. அதுவரைக்கும் பித்தளைக் குழாய்தான். புதுப்பேட்டையில் இதை எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வலது முளையும் லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது, அடுத்த லீவில் சென்னை வரை வண்டியிலேயே வரலாம் என்று ஒரு எண்ணம்.