நைட்ரஜன் நுண்ணுயிர்களும் ஓடைக் கார்பனும்

மலையோடையில் விழும் சருகு எவ்வளவு விரைவில் மட்கும், அதிலுள்ள கார்பன் எங்கே போகும் என்பவற்றில் நைட்ரஜனைக் கையாளும் நுண்ணுயிர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் கேமரன் மலையில் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவைக் கடந்து ஓடும் பெர்தாம் ஆற்றுப்படுகையில் காடு, தேயிலை, காய்கறி மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால், இதை விளக்க இந்த இடம் ஏற்றது.

அம்மோனியா நைட்ரேட்டாவது வெறும் வேதிவினை என்றே நெடுங்காலம் கருதினர். 1877இல் பிரான்சின் ஷ்லோசிங், மூன்ஸ் இருவரும் மணல் நிரப்பிய குழாயில் கழிவுநீரைக் கசியவிட்டனர். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவி பட்டதும் நின்றுபோனது. உயிருள்ளதைத்தானே மயக்கமருந்து மடக்கும்? ஆனால் அந்த உயிரைத் தனியே வளர்க்க, மற்றக் கிருமிகளுக்குக் கொடுப்பதுபோல் ஜெலட்டின் ஊட்டியவர்கள் தோற்றனர். சூரிக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890இல் அந்த உணவையே விலக்கி வெற்றிகண்டார். அம்மோனியாவை ஆக்சிஜனேற்றிப் பெறும் ஆற்றலைக் கொண்டு, ஒளியின்றியே, கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடலை அந்த நுண்ணுயிர் ஆக்கிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக நைட்ரேட்டை வளியாக்கிவிடும் நைட்ரேட் ஒடுக்கிகளைப் போர்தோவில் கேயோனும் துய்ப்பெத்தியும் 1886இலேயே பிரித்தெடுத்திருந்தனர். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவேலையையும் தனியாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா 2015இல்தான் அறியப்பட்டது.

ஒடுக்கிகள் ஆக்சிஜன் குறைந்த சேற்றில், நான்கு நைட்ரேட்டுக்கு ஐந்து கார்பன் அணு என்ற கணக்கில் கரிமப்பொருளைச் செலவழிக்கின்றன. கரிமப்பொருள் குறைந்தால் நைட்ரேட் அப்படியே கீழே போகும். சருகு மட்குவதற்கும் நைட்ரஜன் வேண்டும்; ஆனால் சருகில் அது குறைவு. பூஞ்சைகள் நைட்ரஜனை நீரிலிருந்து எடுத்துக்கொண்டுதான் சருகைச் சிதைக்கின்றன. ஆகவே உரம் கலந்த ஓடையில் சருகு சீக்கிரம் கரைந்து, கார்பன் வளியாகவும் நுண்துகளாகவும் வெளியேறும். அமெரிக்காவின் கொவீட்டா காட்டோடைகளில் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, சருகுக் கார்பன் தங்கும் காலம் ஏறத்தாழப் பாதியானதை 2015இல் காட்டியது.

கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திலும் பிற தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் உரம் போட்டு வளர்த்த தேயிலை, அமில மண்ணில் அம்மோனியத்தையே விரும்பி எடுக்கும் செடி. ஆண்டு முழுதும் நிலத்தை மூடி நிற்பது. அடிக்கடி கொத்திக் கோழி எருவிடும் காய்கறி நிலங்களோடு அதை ஒன்றாக வைத்துப் பேசுவது சரியல்ல. இந்நிலங்களைக் கடந்துவரும் பெர்தாமின் நீர் இன்று வண்டலோடு ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது.