கண்ணுக்குப் புலப்படாத காயம்

நின்றிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்பட்டால் நாம் பின்னோக்கிச் சாய்கிறோம். இது நிலைமத்தின் விளைவு என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவர் யாவரும் அறிவர். இந்த எளிய உண்மைதான் ஒரு காலத்தில் மருத்துவர்களையும் நீதிபதிகளையும் பல்லாண்டுகள் திணறச் செய்தது.

மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறை உடையது. ஏழு கழுத்தெலும்புகளும், அவற்றைப் பிணைக்கும் நார்களும், தசைகளும் அதனைத் தாங்குகின்றன. நாம் அமர்ந்திருக்கும் வண்டியின் பின்புறம் மற்றொரு வண்டி மோதினால், இருக்கை நம் உடலை முன்னே தள்ளும். தலையோ இருந்த இடத்திலேயே இருக்க முயலும். இடையில் அகப்பட்ட கழுத்து முதலில் பின்னும் பிறகு முன்னுமாக வீசப்படும். எலும்பு முறியாமலேயே நார்களும் தசைகளும் புண்படக்கூடும். அமெரிக்க மருத்துவர் ஹரால்டு குரோ 1928-இல் இதற்குச் 'சாட்டை வீச்சு' என்று பொருள்படும் பெயரை வழங்கினார்.

ஆனால் சிக்கல் அதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயில்கள் பெருகின, மோதல்களும் பெருகின. மோதலில் இருந்து நடந்தே வீடு திரும்பிய சிலர், நாட்கள் சென்றபின் கழுத்துவலி, முதுகுவலி, கைகால் மரப்பு என்று முறையிட்டனர். உடலிலோ ஒரு கீறலும் இல்லை! 1866-இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், அதிர்ச்சியால் தண்டுவடம் பாதிக்கப்படுவதே காரணம் என்று எழுதினார். இரயில் கம்பெனி ஒன்றின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் 1883-இல் அதனை மறுத்து, பெரும்பாலும் அச்சமே காரணம் என்றார். வாதம் நீதிமன்றம்வரை சென்றது. 1895-இல் ராண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர்களும் வாதத்தை முடித்து வைக்கவில்லை. அவை எலும்பைக் காட்டுமே ஒழிய, புண்பட்ட நாரையும் தசையையும் தெளிவாகக் காட்டுவதில்லை.

பயணியாவது வழக்குத் தொடுக்கலாம். தொழிலாளியின் நிலை என்ன?

1837-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்னும் இறைச்சிக் கடைப் பையனின் வழக்கு முடிவுக்கு வந்தது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து அவனுடைய தொடையெலும்பு முறிந்திருந்தது. அறங்கூறாயத்தார் அளித்த 100 பவுனை மேல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தீர்ப்பை அடியொற்றி, உடன் பணிபுரிபவரின் பிழைக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற கோட்பாடு வளர்ந்தது. 1850-இல் இரயில் மோதலில் இறந்த ஊழியர் ஒருவர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கும் இதனாலேயே தோற்றது. அதே மோதலில் காயமுற்ற பயணிக்கு ஈட்டுத்தொகை கிடைக்கலாம், பணியாளுக்குக் கிடைக்காது. நிலைமம் இருவரையும் ஒன்றாகவே தாக்கியது. சட்டம்தான் வேறுபாடு பார்த்தது.

மாற்றம் ஜெர்மனியில் தொடங்கிற்று. பிஸ்மார்க் காலத்தில், 1884-இல் இயற்றப்பட்ட விபத்துக் காப்புறுதிச் சட்டம், முழுதும் செயலிழந்த தொழிலாளிக்கு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கை அளித்தது. பிரிட்டனில் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் வாரந்தோறும் சராசரி ஊதியத்தில் பாதிவரை, ஒரு பவுனுக்கு மிகாமல், வழங்க வகைசெய்தது. யார் பிழை என்ற கேள்வி பெரும்பாலும் தேவையற்றதாயிற்று.

ஆயினும் புதிய கேள்வி ஒன்று எழுந்தது. பழைய வேலையைச் செய்ய இயலாது, ஆனால் இலேசான வேலை செய்யலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு என்ன தருவது? விபத்துக்கு முன் ஈட்டியதற்கும் பின் ஈட்ட இயல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருத வேண்டும் என்றது அச்சட்டம்.

கழுத்தில் காயமுற்றவருக்கு இது உயிர்நாடியான செய்தி. 'குனிந்தபடி நெடுநேரம் வேலை செய்யாதே. பளு தூக்காதே' என்று மருத்துவர் சொல்வது வெறும் சலுகையன்று. தலை முன்னே சாயச் சாய, அதன் எடையின் திருப்புத்திறன் கூடுகிறது. அதைச் சமன்செய்யும் பிடரித் தசைகளின் நெம்புகோல் தூரமோ குறைவு. ஆகவே அவை தலையின் எடையைப்போல் பல மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியுள்ளது. அந்தச் சுமை முழுவதும் கழுத்தெலும்புகளின்மேல் விழுகிறது. எனினும், முற்றிலும் அசையாது கிடப்பதும் நன்றன்று. எலும்பு முறிவோ நரம்புப் பாதிப்போ இல்லாத காயங்களில், இயன்ற விரைவில் வழக்கமான செயல்களுக்குத் திரும்புவதே நல்லது என்று 1995-இல் கியூபெக் வல்லுநர் குழு கூறியது.

இந்தியாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விரல், கை, கண் ஆகியவற்றின் இழப்புக்கு அதன் அட்டவணை விழுக்காடு குறித்தது. அட்டவணையில் இல்லாத காயத்திற்கு, உழைத்து ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதே அளவு. 1975-இல் உச்ச நீதிமன்றம், இடக்கையை இழந்த தச்சர் ஒருவரை முழுமையாகச் செயலிழந்தவர் என்றே கொண்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாதல்லவா? 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெறிகள் 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றன.

காயம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்தரின் கழுத்துவலியும் மூட்டை தூக்குபவரின் கழுத்துவலியும் மருத்துவருக்கு ஒன்றாக இருக்கலாம். அவர்களுடைய அடுப்புக்கு அவை ஒன்றல்ல.