தொடர்கதையும் வாசகர் ஊகமும்: அலிப்பூர் முதல் கடம்பூர் வரை

முன்னுரை

கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்னும் மாயப்புனைவுத் தொலைக்காட்சித் தொடர் 2011ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பாயிற்று. அதன் கதைமாந்தருள் ஒருவனாகிய ஜான் ஸ்நோவின் பெற்றோர் யாவர் என்னும் வினா, உலகெங்கும் உள்ள அத்தொடரின் சுவைஞரைப் பல்லாண்டுகள் ஆட்கொண்டிருந்தது. தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நூல் 1996இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே வாசகர் சிலர் சரியான விடையை ஊகித்துவிட்டனர். திரையில் அவ்விடை 2016இல்தான் உறுதிப்பட்டது. ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் ஒரு புனைகதையின் மறைபொருளை வாசகர் கூட்டம் ஒன்று துருவி ஆராய்ந்தது என்பது வியப்பிற்குரியதே.

இதனைத் தொலைக்காட்சி யுகத்தின் புதுமையாகக் கருதுவோர் உளர். எனினும், கதையின் திருப்பங்களை முன்னறிய முயலும் வாசகர் மனப்பாங்கு இந்திய மொழிகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றிவிட்டது. அதன் வரலாற்றை வங்கத்தின் பங்கிம் சந்திரர், தமிழகத்தின் கல்கி ஆகிய இருவரையும் மையமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அறிந்த கதையும் அறியாக் கதையும்

கூத்து, கதாகாலட்சேபம், உடுக்கைப் பாட்டு ஆகியவற்றின் அவையோர் கதையின் முடிவை முன்னரே அறிந்தவர்கள். பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வான் என்பதைக் களத்தில் அமர்ந்திருக்கும் சிறுவனும் அறிவான். ஆகவே, ‘என்ன நிகழும்’ என்பது அங்கே வினாவன்று. ‘எவ்வாறு நிகழ்த்திக் காட்டப்படும்’ என்பதே வினா. அவையின் சுவையும் அதனையே சார்ந்து நின்றது.

அச்சு இதழும் தொடர்கதையும் இந்நிலையை மாற்றின. முடிவு அறியப்படாத கதை, குறித்த கால இடைவெளியில், பகுதி பகுதியாக, பல்லாயிரவர் கைக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் சென்று சேர்ந்தது. வாசகர் ஊகம் தோன்றுவதற்கு மூன்று கூறுகள் தேவை எனலாம். ஒன்று, அறியப்படாத முடிவு. இரண்டு, காத்திருக்க வேண்டிய இடைவெளி. மூன்று, ஒரே கட்டத்தில் நின்று உரையாடக்கூடிய பிற வாசகர். முழு நூலாக வரும் புதினம் முதற்கூறினை மட்டுமே உடையது. தொடர்கதையோ மூன்றனையும் ஒருங்கே வழங்கிற்று.

அலிப்பூரும் பங்கிம் சந்திரரும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள அலிப்பூர், ஆங்கிலேயர் ஆட்சியில் இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. துணை நீதிபதியாக அரசுப் பணியாற்றிய பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர் இவ்வூரிலும் பணிபுரிந்தார்; 1891இல் பணி ஓய்வு பெற்றார். பகலில் வழக்குகளின் உண்மையைத் துருவிய அலுவலரே, தம் புதினங்களில் உண்மையை மறைத்து வைக்கும் கலையிலும் வல்லவராயிருந்தார்.

பங்கிம் 1872இல் தொடங்கிய ‘வங்கதரிசனம்’ என்னும் திங்களிதழ், வங்க வாசகர்க்குத் தொடர்கதைப் பழக்கத்தை ஏற்படுத்தியதில் பெரும்பங்கு வகித்தது. முதல் இதழ் தொட்டே அதில் ‘விஷவிருட்சம்’ தொடராக வெளிவந்தது. அப்போது பதினொரு வயதை எட்டிக்கொண்டிருந்த இரவீந்திரநாத் தாகூர், பிற்காலத்தில் எழுதிய தம் வாழ்க்கை நினைவுகளில் இவ்விதழைக் குறித்துக் கூறியுள்ளார். ஒரு திங்கள் காத்திருப்பதே அரிதாயிருக்க, வீட்டுப் பெரியோர் படித்து முடிக்கும்வரை மேலும் காத்திருப்பது பொறுத்தற்கரியதாயிற்று என்பது அவர் கூற்றின் சாரம். நூலாக ஒரே மூச்சில் படிப்போர்க்கு அந்தச் சுவை கிட்டாது என்றும் அவர் கருதினார். இடைவெளியே சுவைக்குக் காரணமாயிற்று என்னும் இக்குறிப்பு, தொடர்கதையின் இயல்பை நன்கு உணர்த்துகிறது.

வாசகர் ஊகம் எழுத்துருப் பெற்றமைக்குத் தெளிவான சான்று, ‘கபாலகுண்டலா’ புதினத்தின் பின்வரலாற்றில் கிடைக்கிறது. 1866இல் வெளிவந்த இப்புதினத்தின் தலைவி, கடற்கரைக் காட்டில் ஒரு காபாலிகனால் வளர்க்கப்பட்டவள். அவளை மணந்த நவகுமாரன் வீட்டில் அவளுக்கு ‘மிருண்மயி’ என்னும் பெயர் இடப்படுகிறது. இறுதியில் ஆற்றங்கரை இடிந்து அவள் நீரில் வீழ்கிறாள், நவகுமாரனும் பாய்கிறான். கதை அவ்வளவில் நின்றுவிடுகிறது. அவ்விருவரும் பிழைத்தனரா என்னும் வினா வாசகரிடம் விடப்பட்டது.

அவ்வினாவிற்கு ஒரு வாசகர் விடையளிக்க முன்வந்தார். தாமோதர் முகோபாத்தியாயர் என்பார் ‘மிருண்மயி’ என்னும் பெயரிலேயே 1874இல் தொடர்ச்சிப் புதினம் ஒன்றை வெளியிட்டார். பின்னர், பங்கிமின் ‘துர்கேசநந்தினி’க்கும் ‘நவாப்நந்தினி’ என்னும் தொடர்ச்சியை எழுதினார். மூல ஆசிரியர் உயிருடன் இருந்து எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் முடித்த கதையை வேறொருவர் மேலெடுத்துச் சென்றமை கருதத்தக்கது.

ஆசிரியரும் தம் முடிவை மாற்றவியலாததாகக் கருதவில்லை. ‘கிருஷ்ணகாந்தன் உயில்’ புதினத்தில் கோவிந்தலால் தொடக்கத்தில் தன்னுயிரை மாய்த்துக்கொள்வதாக அமைந்த முடிவு, பின்னைய பதிப்பில் அவன் துறவு பூணுவதாக மாற்றப்பட்டது. ஒரு கதைக்கு ஒரே முடிவுதான் உண்டு என்னும் கருத்து, அதனை எழுதியவராலேயே இவ்வாறு நெகிழ்த்தப்பட்டது.

கல்கியும் தமிழ் வாசகரும்

தமிழில் வாசகர் ஊகத்தைப் பேரளவில் வளர்த்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். ‘பார்த்திபன் கனவு’ தொடரில் வரும் சிவனடியார் யார் என்னும் வினா, கதையின் பெரும்பகுதி முழுதும் நீள்கிறது. அவரே நரசிம்மவர்மப் பல்லவர் என்பதற்குரிய குறிப்புகளை ஆசிரியர் ஆங்காங்கே தூவிச் செல்கிறார். கூர்ந்து படிப்பவர் கண்டுகொள்ளலாம். கண்டுகொண்டவர் தம் ஊகம் மெய்ப்படுவதைக் காண இறுதிவரை காத்திருப்பார். இஃது விடையுள்ள வினா.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கி வார இதழில் வெளிவந்தது. இங்கே ஊகத்தின் தன்மை வேறுபடுகிறது. வரலாறு அறிந்த வாசகர், அருள்மொழிவர்மன் இராசராசனாக முடிசூடுவான் என்பதையும், அவனுக்கு முன் உத்தமசோழன் ஆண்டான் என்பதையும் அறிவர். கூத்தின் அவையோரைப் போல முடிவை அறிந்தவர்களுக்குத் தொடர்கதையின் வியப்பை எவ்வாறு ஊட்டுவது என்பதே ஆசிரியர் எதிர்கொண்ட சிக்கல்.

கல்கி அதற்குக் கண்ட தீர்வு நுட்பமானது. வரலாற்று நிகழ்வை அவர் மாற்றவில்லை. நிகழ்வுக்குரிய மனிதரை மாற்றினார். உத்தமசோழன் அரியணை ஏறுகிறான் என்பது கல்வெட்டுகள் காட்டும் உண்மை. ஆனால், கதை முழுதும் மதுராந்தகனாக வலம்வந்தவன் அவனல்லன். பூத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்பது திருப்பமாக அமைகிறது. வரலாறு அறிந்தவரும் அறியாதவரும் அவ்விடத்தில் ஒருங்கே வியப்புறுகின்றனர்.

விடையற்ற வினா

ஆதித்த கரிகாலன் கொலை இவற்றினும் வேறானது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சுட்டி, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள் கைப்பற்றப்பட்டமையை அது தெரிவிக்கிறது. கொலைக்குரிய காரணத்தையோ, அவர்களுக்குப் பின்னால் நின்றோரையோ அது கூறவில்லை.

இம்மௌனத்தை நிரப்ப வரலாற்றறிஞரும் முயன்றனர். கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் உத்தமசோழன்மீது ஐயங்கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். உத்தமசோழனுக்குப் பங்கு இருந்திருப்பின், அவன் மகனை இராசராசன் உயர்பதவியில் அமர்த்தியிரான் என்னும் போக்கில் மறுப்பாளர் வாதம் அமைந்தது. கல்வெட்டின் சில வரிகளைச் சான்றாக வைத்துக்கொண்டு மறைந்த காரணத்தைத் தேடிய அறிஞரும், அத்தியாயங்களில் கிடந்த குறிப்புகளைக் கொண்டு கொலையாளியைத் தேடிய வாசகரும் செய்த பணி அடிப்படையில் ஒத்ததே. வேறுபாடு ஒன்று உண்டு. வாசகரின் வினாவிற்கு விடை கூறவல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தார். அறிஞரின் வினாவிற்கு அத்தகையவர் எவருமிலர்.

ஆயின், கல்கி அவ்வேறுபாட்டையே துடைத்துவிட்டார். கடம்பூர் மாளிகையின் இருளில் நந்தினி, வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் ஆகிய பலரையும் நிறுத்தி, எவர் கையால் கொலை நிகழ்ந்தது என்பதைத் தெளிவுறுத்தாமல் விட்டார். கல்வெட்டு மௌனமாயிருக்கும் இடத்தில் புதினமும் மௌனம் காத்தது. இதனைக் கதைப் பின்னலின் குறை என்பார் உளர். வரலாற்றுச் சான்றின் எல்லையை மதித்த நேர்மை என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

தொடர் நிறைவுற்றபின் வாசகர் எழுப்பிய வினாக்களைக் கருத்திற்கொண்டு கல்கி முடிவுரை ஒன்றை எழுதினார். கதைமாந்தர் பிற்பாடு என்னவாயினர் என்னும் செய்திகள் அதில் இடம்பெற்றன. அதே 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். எஞ்சிய வினாக்களுக்கு விடை காணும் பொறுப்பு வாசகரிடமே வந்து சேர்ந்தது. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ கல்கியின் கதையை மேற்கொண்டு நடத்திச் சென்றது. வங்கத்தில் ‘மிருண்மயி’ வகித்த இடத்தைத் தமிழில் இந்நூல் வகிக்கிறது எனலாம். மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைப்படம் வெளிவந்தபோதும், கரிகாலன் கொலை எவ்வாறு காட்டப்படும் என்பதே பலரும் எழுப்பிய வினாவாயிருந்தது.

திரையில் தொடர்ந்த மரபு

இதழில் வளர்ந்த இப்பழக்கம் 1990களில் தொலைக்காட்சிக்குப் பெயர்ந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகாவின் இயக்கத்தில் அமைந்த ‘மர்மதேசம்’ சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதன் ‘விடாது கருப்பு’ப் பகுதியில் குதிரையேறி வந்து தண்டிப்பது தெய்வமா, மனிதனா என்னும் வினா வாரந்தோறும் நீண்டது. காவல் தெய்வ நம்பிக்கை ஊறிய மண்ணில் இவ்வினா வெறும் கதை வினாவாக மட்டும் நிற்கவில்லை; பார்ப்பவரின் நம்பிக்கையையும் சோதித்தது. மாயப்புனைவு ஊகத்திற்கு இடந்தருவதன் காரணமும் இதுவே. அங்கே ‘யார் செய்தார்’ என்பதோடு ‘எவ்வுலக விதிப்படி செய்தார்’ என்பதையும் சேர்த்தே ஊகிக்க வேண்டியுள்ளது.

சான்றுகளின் நிலை

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்குத் தடையாயிருப்பது சான்றுகளின் சிதைவு. தமிழ் இல்லங்களில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து பாதுகாக்கும் வழக்கம் இருந்தது. கதையும் ஓவியங்களும் அதனால் தப்பிப் பிழைத்தன. வாசகர் கடிதங்களும், தலையங்கமும், ஆசிரியரின் விடைகளும் இடம்பெற்ற பக்கங்கள் பழைய தாள்களோடு எடைக்குப் போயின. அன்பினால் பாதுகாத்த கைகளே அறியாமல் செய்த இழப்பு இது.

இவ்விடத்தில் மீண்டும் அலிப்பூருக்குத் திரும்ப வேண்டியுள்ளது. வங்கத் துணைநிலை ஆளுநரின் மாளிகையாயிருந்த அலிப்பூர் பெல்வெடேரில், 1953 முதல் தேசிய நூலகம் இயங்கி வருகிறது. தமிழ்ப் பேரகராதிப் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் நூல்தொகுப்பும் அங்கே உள்ளது. நூல் ஒவ்வொன்றின் படியையும் அந்நூலகத்திற்கு அனுப்ப வேண்டும் என்னும் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. 1956இல் செய்தி இதழ்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. பொன்னியின் செல்வன் நிறைவுற்றது 1954இல். அதாவது, இதழ்களைக் காக்கும் சட்டம் வருவதற்குள் தமிழின் பெருந்தொடர் முடிந்துவிட்டது. ஆகவே, அதற்கு முற்பட்ட முழு இதழ்கள் தனியார் கையிலும் சிறு நூலகங்களிலும் சிதறிக் கிடப்பவையாகவே தேடப்பட வேண்டியுள்ளன.

முடிவுரை

வாசகர் ஊகம் மூவகைப்படும் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. மறைந்திருப்பவரை அடையாளங்காணல், நிகழவிருப்பதை முன்னுணர்தல், முடிந்த கதையை நிறைவு செய்தல் என்பன அவை. சிவனடியாரும் ஜான் ஸ்நோவும் முதல்வகை. திங்கள்தோறும் காத்திருந்த இளம் தாகூரின் ஆவல் இரண்டாம் வகை. மிருண்மயியும் நந்திபுரத்து நாயகியும் மூன்றாம் வகை. கடம்பூர் கொலையோ எவ்வகையிலும் அடங்காது, வரலாற்றாய்வோடு கைகோத்து நிற்கிறது.

புனைகதையின் முடிவு ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று; காத்திருந்த வாசகர்க்கும் அதில் பங்குண்டு. இலக்கிய வரலாறு ஆசிரியரின் பங்கை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. வாசகரின் பங்கைப் பதிவுசெய்ய வேண்டுமெனில், கிழித்தெடுத்த தொடர்கதைப் பக்கங்களை மட்டுமன்றி, அவற்றைச் சூழ்ந்திருந்த முழு இதழ்களையும் தேடித் தொகுத்தல் இன்றியமையாதது. தாள்கள் உதிர்வதற்குமுன் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று.